கியர்பாக்ஸ்ல தப்பான ஆயில் ஊத்திட்டாங்களா? முதல்ல பில்லை எடுங்க!

உங்க சிவிடி கார்ல மெக்கானிக் சாதாரண ஏடிஎஃப் ஆயிலை ஊத்திட்டார்னு வைங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. சிவிடி-க்குள்ள பெல்ட் வழுக்காம இருக்க, அதுக்குன்னே தயாரிச்ச ஆயில் வேணும்.

'ஓடுற வரைக்கும் ஓடட்டும்'னு கம்பத்துலருந்து குமுளி மலைப்பாதை ஏறிடாதீங்க. ஆயில் மாத்த சில ஆயிரம்தான். கியர்பாக்ஸ் போனா லட்சத்தைத் தொடலாம். மெக்கானிக்கல் கோளாறுக்கு சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியும் பணம் தராது.

என்ன செய்யணும்?

1. வண்டியை ஓட்டாம, ரெக்கவரி வண்டில ஏத்திக் கொண்டுபோங்க.

2. வடிச்ச ஆயில்ல கொஞ்சம் பாட்டில்ல சீல் பண்ணி வைங்க. வேற சர்வீஸ் சென்டர்ல, என்ன ஆயில் இருந்துச்சுன்னு எழுத்துல வாங்குங்க.

3. ஆன செலவைக் கேட்டு மெக்கானிக்குக்குப் பதிவுத் தபால் அனுப்புங்க.

4. மறுத்தா, 1915 ஹெல்ப்லைன். அதுக்கும் மசியலைன்னா தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள்ள புகார் தரணும். சர்வீஸுக்குக் கொடுத்தது 5 லட்சம் வரைன்னா புகார் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல.

இதுக்கெல்லாம் அடிப்படை, ஆயில் பேரோட இருக்கிற பில். 18% ஜிஎஸ்டி மிச்சம்னு பில் வேண்டாம்னா, மிச்சமாகுறது சில நூறு. பலவீனமாகுறது உங்க மொத்த கேஸ். பில் இல்லையா? யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் மெசேஜையும் அழிச்சிடாதீங்க!