அந்தப் பொண்ணு யாரு சார்?

சாயந்திரம் ஆறு மணி. தி.நகரில் எங்கள் ஆபீஸ். மாசக் கடைசி என்பதால் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் ஒரு கீபோர்டு கூடச் சத்தம் போடவில்லை. காரணம்? பெரிய ஹீரோ படத்தின் ட்ரெய்லர் ரிலீஸ்! ஐந்து ஆம்பிளைகள் ஒரு செல்போனைச் சுற்றி, கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிப்பவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

இரண்டரை நிமிஷம். மூன்று தரம் பார்த்தோம்.

"ஸ்லோமோஷன்ல திரும்புறாரு பாரு... அதுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு!" என்றார் பக்கத்து சீட் நண்பர்.

எங்கள் சீனியர் மேடம் (ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கி) கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"நடுவுல ஒரு பொண்ணு வந்துச்சே... அது யாருப்பா?"

"ஹீரோயின் மேடம்."

"படத்துல அது என்ன பண்ணுது?"

மௌனம்.

"சரி, ஏதாவது பேசிச்சா?"

மகா மௌனம். நாலாவது தரம் போட்டுப் பார்த்தோம். மழையில் நனைந்தது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தது. ஹீரோவைப் பார்த்துச் சிரித்தது. அவ்வளவுதான். வில்லனுடைய காருக்குக் கூட அதைவிட நல்ல ரோல்!

மேடம் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பி.காம். படிக்கும்போது 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். கம்பெனியின் நிலைமையை உள்ளதைவிட அழகாகக் காட்ட, பாலன்ஸ் ஷீட்டுக்குப் பவுடர் பூசுகிற வேலை. அர்த்தம் புரியாதவர்கள் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று பார்க்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டிய பொம்மை. ஜோராக நிற்கும். பேசாது. அன்று செல்போனில் நாங்கள் பார்த்ததும் அதே பொம்மைதான்!

ட்ரெய்லர் வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஹீரோ வருகிற அழகைக் கவனியுங்கள். முதலில் துண்டு துண்டாகத்தான் வருவார். புழுதியில் ஒரு செருப்பு. ஸ்டீயரிங்கில் ஒரு கை. ஒரு முதுகு. தரையோடு தரையாக வைத்த கேமரா அவரை ஆலமரம் சைஸுக்கு நிமிர்த்தும். சட்டென்று சத்தம் நிற்கும். ஒரு விநாடி இருட்டு. அப்புறம் முகம்! துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு முழு ஆள் ஆகிவிடுவார்.

ஹீரோயினும் துண்டு துண்டாகத்தான் வருகிறார். கூந்தல், இடுப்பு, கொலுசு, முதுகுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம். ஆனால் இந்தத் துண்டுகளைக் கடைசிவரை யாரும் ஒட்டவைப்பதே இல்லை. அவள் பெயர் என்ன, அவளுக்கு என்ன வேண்டும், யார் மேல் கோபம்... ஊஹூம்!

ஹீரோவுக்காக எவ்வளவு மூளையைச் செலவு பண்ணுகிறார்கள் தெரியுமா? 2020-ல் வந்த 'விக்ரம்' டீஸரில், வீடு முழுக்க ஆயுதங்களை ஒளித்துவைத்துவிட்டு விருந்துக்கு ஆள் எதிர்பார்ப்பார் கமல். 2024-ல் 'கூலி' டீஸரில் ரஜினி கறுப்பு வெள்ளையில் வர, தங்கம் மட்டும் தங்க நிறத்தில் தகதகக்கும். அபாரமான ஐடியாக்கள்தான். அதில் கால்வாசியையாவது ஹீரோயின் பக்கம் தள்ளிவிடக் கூடாதா என்பதுதான் நம்ம ஏக்கம்.

லாரா மல்வி என்ற பிரிட்டிஷ் பெண்மணி 1975-லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சினிமாவில் கதையை நகர்த்துகிறவன் ஆண், பார்க்கப்படுகிறவள் பெண், கேமரா பார்ப்பதே ஆணின் கண் வழியாகத்தான் என்பது அவர் வாதம். அவர் சொன்னது ஹாலிவுட்டை. நம்ம கோடம்பாக்கத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

ஏன் இப்படி? எல்லாம் கணக்குதான் சார்!

நூறு நாள் ஓடிய காலத்துப் போஸ்டர்களை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஹீரோ துப்பாக்கியோடு முறைப்பார். மூன்றாவது வாரம் அதே சுவரில் அம்மா அழுகிற ஸ்டில், மேலே கொட்டை எழுத்தில் 'தாய்க்குலத்தின் பேராதரவுடன்'! படம் நின்று ஓட லேடீஸ் கூட்டம் வேண்டும் என்று விநியோகஸ்தர்களுக்குத் தெரியும். யாரைக் கூப்பிடுவது என்று வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்ள நேரமும் இருந்தது. இன்றைக்கு வெள்ளி, சனி, ஞாயிறு வசூல்தான் தலையெழுத்து. அந்த மூன்று நாளுக்கு முண்டியடித்து புக் பண்ணுகிற ஆசாமி யார்? நீங்களும் நானும்தான். ஆகவே ட்ரெய்லர் என்பது நம்ம அட்ரஸுக்கு வருகிற தபால். அதில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? 'இவனுக்கு நாலு வெட்டு, ஒரு இடுப்பு போதும்!'

ரோஷம் வர வேண்டாமா?

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 1948-ல் எஸ்.எஸ்.வாசன் 'சந்திரலேகா'வுக்குச் செய்த விளம்பரத்தை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அந்தப் படத்தின் அடையாளமே ராட்சச முரசுகளின் மேல் ஆடும் நடனம்தான். கதையில் அது வெறும் ஆட்டம் இல்லை. வில்லனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள 'முரசு நடனம் வேண்டும்' என்று நிபந்தனை போடுகிறவளே சந்திரலேகா. முரசுக்குள் ஒளிந்திருப்பதோ நாயகனின் வீரர்கள்! ஆட்டத்துக்குள்ளேயே கதை இருந்தது. சந்திரலேகாவாக நடித்த டி.ஆர்.ராஜகுமாரி பிற்பாடு பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டருக்குச் சொந்தக்காரி ஆனார். இன்று அந்தத் தியேட்டர் இல்லை. அந்தப் பக்கம் போனால் இப்போது ஷோகேஸ் பொம்மைகள்தான் கண்ணில் படுகின்றன. என்னமோ போங்கள்!

சரி, பெண்ணை முன்னால் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2019-ல் 'ஆடை' டீஸர் வந்தது. அமலா பால்தான் மையம். ஆனால் ஊர் முழுக்கப் பேசியது உடம்பில் துணி இல்லை என்பதை மட்டும்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2017-ல் வந்த 'அறம்' படத்தில் நயன்தாரா கலெக்டர். ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றும் கதை. டூயட் பாட ஹீரோவே கிடையாது. அதையும் ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள்.

இன்னொரு ரூட்டும் உண்டு. 2019-லேயே வந்த 'நேர்கொண்ட பார்வை' மூன்று பெண்களின் கதை. கூட்டத்தை இழுத்ததென்னவோ அஜித்தின் பெயர். ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்ற பாடத்தை, விசிலடிக்க வந்த கூட்டத்துக்கு நடத்திக் காட்டினார்கள். இந்த மாதிரி தந்திரத்துக்குத் தாராளமாகப் பாஸ் மார்க் போடலாம்.

சொல்லாமல் வைத்திருப்பதும் சில சமயம் அழகுதான். 2022-ல் 'விக்ரம்' படமாக வந்தபோது, வீட்டு வேலை செய்யும் அம்மா திடீரென்று ஏஜென்ட் டீனாவாக மாறிச் சண்டை போட்டாரே... தியேட்டரே எழுந்து நின்றது! நடித்தவர் வசந்தி என்ற நடனக் கலைஞர். அதை முன்கூட்டியே போட்டு உடைத்திருந்தால் அந்தக் கைதட்டல் கிடைத்திருக்காது. மறைத்து வைக்க அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. மழையில் நனைகிற ஹீரோயினிடம் மறைக்கவாவது ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அலிசன் பெக்டெல் என்ற அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் 1985-ல் ஒரு காமிக்ஸில் ஒரு பரீட்சை வைத்தார். படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். ஒருத்தியோடு ஒருத்தி பேச வேண்டும். பேச்சு ஆம்பிளையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. நம்ம ஊருக்குச் சலுகை விலையில் மூன்று கேள்வி: ட்ரெய்லரில் அந்தப் பெண் பேசினாளா? என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்ததா? ஹீரோ இல்லாத ஷாட் ஒன்றாவது அவளுக்கு உண்டா? அடுத்த ட்ரெய்லருக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆபீஸ் கதைக்கு வருவோம். ஐந்து பேரும் முதல் நாள் ஈவினிங் ஷோவுக்கு டிக்கெட் போடும்போது மேடம் குரல் கொடுத்தார்.

"எனக்கும் ஒண்ணு போடுப்பா."

"மேடம், அடிதடிப் படம்..."

"இருக்கட்டும். அந்தப் பொண்ணு என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

படம் முடிந்து வெளியே வந்தோம். அண்ணா சாலையில் ஆட்டோவுக்காக நின்றோம். யாரும் மேடம் முகத்தைப் பார்க்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, ட்ரெய்லர்ல பொய் சொல்லுவாங்கன்னு சொல்றாங்களே... சுத்தத் தப்பு. அந்தப் பொண்ணு விஷயத்துல எவ்வளவு நேர்மையாச் சொல்லியிருக்காங்க பாரு!"