சீட்டு கிடைத்த தலைமுறையும் சீட்டு இல்லாத தலைமுறையும்

2023 முதல் சீனப் பல்கலைக்கழகங்களில் படித்து முடிப்பவர்கள் கைக்கு ஒரு சீட்டு வருவதில்லை. இன்னார் இன்ன இடத்தில் வேலைக்குச் சேர வேண்டும் என்று சொல்லும் அத்தாட்சிச் சீட்டு அது. அதில் இரண்டு பாகம். ஒன்றை மாணவர் எடுத்துக்கொண்டு போய் வேலையிடத்தில் நீட்ட வேண்டும். மற்றொன்று, ஆயுள் முழுக்க அவர் பின்னாலேயே வரும் சொந்தக் கோப்புக்குள் போய்விடும். அதை நிறுத்தியபோது பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் அது வெறும் சம்பிரதாயம். ஆனால் 1982இல் பட்டம் வாங்கியவர்களுக்கு அந்தச் சீட்டுதான் தலையெழுத்து.

அந்த 1982 தலைமுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் பத்தாண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு 1977 குளிர்காலத்தில் திரும்ப வந்தது. 57 லட்சம் பேர் எழுதினார்கள். இத்தனை பேருக்குக் கேள்வித்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. மாவோவின் தேர்ந்தெடுத்த படைப்புகள் ஐந்தாம் தொகுதிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காகிதத்தை எடுத்துச் சமாளித்தார்கள். இடம் கிடைத்தது சுமார் 2,70,000 பேருக்கு; நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்தார்கள். பிள்ளை பெற்றுவிட்ட முப்பது வயதுக்காரரும் மீசை அரும்பாத பையனும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அன்ஹுய் மாகாணக் கிராமம் ஒன்றில் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்த லீ கெச்சியாங் அப்படித்தான் பீகிங் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் படிக்கப் போனார், பின்னாளில் பிரதமரானார். அடுத்த ஆண்டு பெய்ஜிங் திரைப்படக் கல்லூரிக்குள் நுழைந்தவர்களில் ஜாங் யிமோவும் சென் கைகேயும் உண்டு.

விடுதியில் அறைக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர், இரண்டடுக்குக் கட்டில். கொதிநீர் அறை வாசலில் ஃபிளாஸ்க் வரிசை. கேண்டீனில் எனாமல் கிண்ணத்தோடு தானியக் கூப்பனையும் நீட்டினால்தான் சோறு. இரவு விளக்கை அணைத்த பிறகும் தாழ்வாரத்து பல்புக்குக் கீழே புத்தகமும் கையுமாக நிற்பவர்கள் இருந்தார்கள். படிப்புக்குக் கட்டணம் கிடையாது. வசதியில்லாதவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு.

படிப்பு முடியும் மாதத்தில் வேலைப் பட்டியல் வரும். யாரைப் பெய்ஜிங்கில் அமைச்சகத்துக்கு அனுப்புவது, யாரை வடமேற்கில் ஏதோ ஒரு ஆலைக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர்கள் துறையின் அரசியல் பொறுப்பாளர்கள். காதலர்கள் நாட்டின் இரு மூலைக்குப் பிரிந்து போனதெல்லாம் சர்வ சாதாரணம். சம்பளம் மாதம் ஐம்பது யுவானை ஒட்டித்தான். ஆனால் வீடு, சாப்பாடு, வைத்தியம் எல்லாவற்றையும் வேலை செய்யும் நிறுவனமே பார்த்துக்கொண்டது. 'எங்கே போடுவார்கள்' என்ற கவலை இருந்தது. 'வேலை கிடைக்குமா' என்ற கவலை இல்லை.

இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வெழுதிய நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் வாசலோடு திரும்பினார்கள். உள்ளே போனவர்களுக்கும் அந்தச் சீட்டு ஒரு கடிவாளமாகவே இருந்தது. 1980இல் பெய்ஜிங்கின் ஹைதியான் மாவட்ட மக்கள் மன்றத்துக்கு மாணவர்களே போட்டியிட்டார்கள். பீகிங் பல்கலைக்கழக வளாகத்தில் சுவரொட்டியும் விவாதமுமாக ஒரே அமர்க்களம். ஜெயித்தவர் ஹூ பிங் என்ற தத்துவ மாணவர். படிப்பை முடித்த பிறகு நெடுநாள் அவருக்கு வேலை ஒதுக்கீடே வரவில்லை. காரணத்தை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஆனாலும் நாட்டு நடப்பு அவர்கள் வாயில் சரளமாகப் புழங்கியது. 1984 தேசிய நாள் ஊர்வலத்தில் தங்கள் அணி தியனன்மென் சதுக்கத்தைக் கடக்கும்போது பீகிங் பல்கலைக்கழக உயிரியல் மாணவர்கள் திடீரென்று ஒரு பதாகையை விரித்தார்கள். 'வணக்கம், சியாவ்பிங்' என்று தலைவரைப் பேர் சொல்லி அழைத்த பதாகை. முன்னனுமதி எதுவும் கிடையாது, விடுதியில் ரகசியமாகத் தயாரித்தது. டெங் சியாவ்பிங்கைப் பார்த்து அப்படிச் சொல்லலாம் என்று இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றியதே, அதுதான் அந்தக் காலத்தின் காற்று. ஐந்தே ஆண்டில், அதே டெங்கின் ஆட்சியில், மாணவர் போராட்டத்தை ஒடுக்க அதே சதுக்கத்துக்குள் ராணுவ டாங்கிகள் வந்தன. 1989 ஜூன் 4 பற்றி இன்றைய சீன வகுப்பறையில் பேச்சே இல்லை.

தொண்ணூறுகளில் மாற்றங்கள் மளமளவென்று வந்தன. கூப்பன் போனது, கட்டணம் வந்தது, வேலை ஒதுக்கீடு படிப்படியாக ஓய்ந்தது. 1999இல் ஒரே ஆண்டில் சேர்க்கையை ஏறக்குறைய பாதிக்குப் பாதி கூட்டினார்கள். பீகிங் பல்கலைக்கழகத்தில் 'முக்கோணம்' என்று பேர்பெற்ற ஓர் இடம் உண்டு. எண்பதுகளில் அரசியல் சுவரொட்டிகள் ஒட்டிய அறிவிப்புப் பலகைகள் அங்கேதான் நின்றன. பிற்பாடு அதே பலகைகளில் வாடகை வீடு, ஆங்கில வகுப்பு விளம்பரங்கள் மொய்த்தன. 2007இல், விளம்பரத் தொல்லை என்று சொல்லிப் பலகைகளையே பிடுங்கிவிட்டார்கள்.

ஆங்கில வகுப்பு என்றதும் யூ மின்ஹோங்கைச் சொல்லாமல் விட முடியாது. நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்று, 1980இல் பீகிங் பல்கலைக்கழகத்தில் இடம்பிடித்து, அங்கேயே ஆசிரியரானவர். வெளியே டியூஷன் எடுத்ததற்காகப் பல்கலைக்கழகம் அவரைத் தண்டித்தது. வேலையை உதறி, 1993இல் 'நியூ ஓரியண்டல்' என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். புதுப் பட்டதாரிகளுக்கு வேலை தரும் பெரிய ஆலமரமாக அது வளர்ந்தது. 2021 ஜூலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான டியூஷன் தொழிலை அரசு முடக்கியது. அந்த ஆண்டில் 60,000 பேரை வேலையை விட்டு அனுப்பியதாக யூ தானே சொன்னார். மிஞ்சிய ஆசிரியர்களில் ஒருவரான டோங் யூஹுய், அடுத்த ஆண்டு நேரலையில் அரிசி விற்றபடியே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து நாடறிந்த மனிதரானார். எண்பதுகளில் ஒதுக்கீட்டை விட்டு வெளியேறியவர் துணிச்சல்காரர். நாற்பது ஆண்டு கழித்து எல்லாருமே வெளியேதான் நிற்கிறார்கள். அரிசி விற்றுப் புகழ் பெறுவது லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கும்.

இந்த ஆண்டுகளின் கணக்கைப் பாருங்கள். 2000இல் பட்டம் பெற்றவர்கள் சுமார் 10 லட்சம். 2023இல் 1 கோடியே 15 லட்சத்துக்கு மேல். 2025இல் 1 கோடியே 22 லட்சம். கல்லூரி வயதில் இருப்பவர்களில் அறுபது சதவீதம் பேருக்கு இன்று உயர்கல்வி கிடைக்கிறது. மலையோரக் கிராமத்துப் பெண்ணும் பட்டம் வாங்குகிறாள், அதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. மறுபக்கம், 2023 ஜூனில் 16 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடம் வேலையின்மை 21.3 சதவீதம். அடுத்த மாதக் கணக்கு வெளிவர வேண்டிய வேளையில் அரசு வெளியீட்டையே நிறுத்தி வைத்தது. 2024 ஜனவரியில், படித்துக்கொண்டிருப்பவர்களைக் கழித்த புதுக் கணக்கு வந்தது: 14.9 சதவீதம். அன்றைய பட்டதாரி நாட்டு நடப்பைப் பற்றிப் பேசினார். இன்று அவரே நாட்டு நடப்பு, அதுவும் பேசக் கூச்சமான நடப்பு.

2023 வசந்தத்தில் இளைஞர்கள் எழுத்தாளர் லூ சுன்னின் பழைய கதாபாத்திரம் கோங் யிஜியைத் தோண்டி எடுத்தார்கள். நீண்ட அங்கி அணிந்தும் கூலிக்காரர்களோடு நின்றபடியே மது குடிக்கும், பிழைக்கத் தெரியாத படிப்பாளி அவன். பட்டம்தான் எங்கள் அங்கி, கழற்றவும் முடியவில்லை என்று எழுதினார்கள். அரசுத் தொலைக்காட்சி 'கழற்றிவிட்டு உழைக்க வா' என்ற தொனியில் பதில் சொன்னது. பலருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. அங்கியைத் தைக்கக் காசு கொடுத்தது பெற்றோர்.

வாய் திறக்கும் விதமும் மாறிப்போனது. கொரோனா அடைப்பில் வளாகத்துக்குள் மாதக்கணக்கில் சிக்கிய மாணவர்கள், பார்சல் அட்டையை வெட்டி நாய் செய்து, கயிறு கட்டி நடத்திக் கூட்டிப்போனார்கள். 2022 நவம்பர் 24 அன்று உரும்ச்சி நகரத்து அடுக்குமாடி வீட்டில் தீப்பிடித்து 10 பேர் இறந்தார்கள். அடைப்பினால்தான் தப்ப முடியவில்லை என்று ஜனங்கள் கொதித்தார்கள். மூன்று நாள் கழித்து, சிங்குவா பல்கலைக்கழகக் கேண்டீன் வாசலில் மாணவர்கள் கூடினார்கள். கையில் எதுவும் எழுதாத வெள்ளைத் தாள். எழுதினால்தானே குற்றம்! சில நாளில் மாணவர்களைச் சீக்கிரமே ஊருக்கு அனுப்பும் ஏற்பாடு நடந்தது. டிசம்பரில் அடைப்பும் தளர்ந்தது.

2024இல் வேறொன்று. ஜெங்ஜோ நகரத்து மாணவிகள் நால்வர் வாடகை சைக்கிளில் சுமார் 50 கிலோமீட்டர் மிதித்து, கைஃபெங்கில் சாறு நிறைந்த ஆவி கொழுக்கட்டை தின்னப் போன கதை பரவியது. நவம்பர் 8 இரவு பல்லாயிரம் மாணவர்கள் அதே சாலையில். கோரிக்கை கிடையாது, கோஷம் அரைகுறை, சிலர் கையில் தேசியக் கொடி. முதலில் வரவேற்ற அதிகாரிகள், கூட்டத்தின் அளவைப் பார்த்ததும் சாலையை மூடினார்கள். சைக்கிள் நிறுவனங்கள் எல்லை தாண்டினால் பூட்டிவிடுவதாக அறிவித்தன. கொழுக்கட்டைக்காக அத்தனை பேர் கிளம்பியதாக நான் நம்பவில்லை. அதை அவர்களிடமே கேட்டாலும் சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

மிச்ச நேரத்தில் என்ன செய்கிறார்கள்? தேர்வுக்குப் படிக்கிறார்கள். கால் காசானாலும் கவர்மென்ட் உத்தியோகம் என்ற நம்மூர் நினைப்பு அங்கே இப்போதுதான் இவ்வளவு பலமாகத் திரும்பியிருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஆளெடுப்புக்கான மத்திய அரசுப் பணித் தேர்வுக்குத் தகுதி பெற்ற விண்ணப்பங்கள் 34 லட்சம், இடங்கள் 39,700. அடுத்த தேர்வுக்கு வயது வரம்பை 35லிருந்து 38 ஆக்கினார்கள். விண்ணப்பம் 37 லட்சத்தைத் தாண்டியது, இடங்கள் 38,100.