ஆளிகளும் அவை காத்திருக்கும் காலமும்

கொழும்பிலிருந்து சாவகச்சேரிக்கு வருவோர்க்கு வழிகள் இரண்டு உள. ஆனையிறவைக் கடந்து ஏ-9 வீதியால் வருதல் ஒன்று. பூநகரி சென்று, 2011 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டிக் கேரதீவு வழியாகத் தென்மராட்சியை அடைதல் மற்றொன்று. ஒரு வழி அடைபட்டமையை உரிய வேளையில் அறிந்தவரே மற்றை வழியை நாடுவர். கணினி வலையமைப்பிலும் இதுவே நிலை.

தமிழாசிரியராகிய எமக்கு இப்பொருளில் நாட்டம் உண்டாகக் காரணம் ஒன்றுண்டு. 2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. அக்காலத்து ஒரு மாலை, யாம் அறிந்த ஓரிடத்தில், இறுதி நாளன்று இணையவழி விண்ணப்பம் அனுப்பவந்த மாணவர் சிலர் அனுப்பவியலாது நின்றனர். வெளியே செல்ல இரண்டு இணைப்புகள் இருந்தும் இவ்வாறாயிற்று. இத்துறையிற் கடமையாற்றும் பழைய மாணவர் பலராதலின், யாம் கூறுவதிற் குறை காணிற் பொறுத்தருள்க.

வலையமைப்பிலே செய்திப் பொதிகளுக்கு வழி வகுப்பன ரவுட்டர்களும் பெரிய ஆளிகளுமாம். (சுவிச்சினை ஆளி என்பது எம் நாட்டுப் பாடநூல் வழக்கு. சங்கப் புலவர் யானையை வீழ்த்தும் விலங்கொன்றை இப்பெயராற் குறித்தனர் என்பதைச் சொல்லாது அப்பாற் செல்ல எமக்கு மனம் வரவில்லை.) இவை கைக்கொள்ளும் முறைகளுள் ஓ. எஸ். பி. எவ். என்பது ஒன்று. இம்முறையில் ஓர் ஆளி பொதுவாக 10 விநாடிக்கு ஒருமுறை, 'யான் உளேன்' என அயலாளிக்கு அறிவிக்கும். 40 விநாடி வரை அவ்வறிவிப்பு வாராதொழியின், அயலாளி அதனை இறந்ததெனக் கொண்டு வேறு வழி கணிக்கும். இவ்வெண்கள் இருபாலும் ஒத்திராவிடின் அவை அயலுறவே கொள்ளா. காலத்தை மிகக் குறைப்பின் சிறு தாமதமும் இறப்பெனப்பட்டு வழிகள் ஓயாது மாறும். மிக நீட்டின் பிணத்துக்குக் கடிதம் எழுதியவாறு முடியும்.

மென்பொருளைப் புதுக்கும்போது ஆளியை மீளத் தொடங்குதல் வேண்டும். ஆளிக்கு வழி கணிக்கும் மூளையும், கணித்த அட்டவணைப்படி பொதிகளை அனுப்பும் கையும் உள. மூளை உறங்கினும் கை தொழில் செய்யும் ஆற்றல் சிலவற்றுக்கு உண்டு. அத்தகைய ஆளி, 'இத்துணை விநாடி பொறுத்திருமின்' என அயலார்க்கு முன்னரே அறிவித்துவிட்டு உறங்கலாம். அயலார் பழைய வழியிலேயே பொதிகளை அனுப்புவர். இதற்கான விதிகள் ஓ. எஸ். பி. எவ். முறைக்கு 2003 இலும், பி. ஜீ. பி. முறைக்கு 2007 இலும் வெளிவந்தன. 120 விநாடி பலரும் கொள்ளும் அளவு. விழிக்க 150 விநாடி வேண்டும் ஆளிக்கு அது போதாது. ஆதலின் முதலில் ஆளி விழிக்குங் காலத்தை அளந்தறிதல் வேண்டும். இடையே வலையமைப்பில் வேறு மாற்றம் நேரின் ஓ. எஸ். பி. எவ். அயலார் காத்திருத்தலைக் கைவிடுவர். பழைய அட்டவணையை நம்பிய பொதிகள் வட்டமிட்டுச் சுழலக்கூடும் என்பதே காரணம்.

மின் அற்றாலோ மூளையோடு கையும் ஓயும். அன்று நிகழ்ந்தது அதுவே. முதல் வழியிலிருந்த ஆளி மின்னின்றி நின்றது. இடையிலிருந்த கம்பியில்லாக் கருவி மின்கலத்தால் இயங்கியமையால் இணைப்பு அறுந்தமை மறுபாலுக்குத் தெரியவில்லை. அயலுறவு அடிக்கடி முறிகின்றதென்று முன்னர் எவரோ 40 விநாடியை இருபாலும் 400 ஆக நீட்டியிருந்தனர். ஆறரை நிமிடத்துக்கு மேலாக, இரண்டாம் வழி திறந்திருக்கவே, விண்ணப்பங்கள் முதல் வழியிற் சென்று மறைந்தன. அன்று மின் பன்முறை போய்வந்தது. ஒவ்வொரு முறையும் இதுவே நிகழ்ந்தது.

பின்னர் இருபாலும் 40 ஆக மாற்றினர். முதல் வழி ஆளிக்கும் ஒரு மின்கலம் வைத்தனர். அம்மாணவருள் இருவர் மறுநாட் காலையிற் கடிதத்தோடு நேரிற் சென்றனர். ஒருவர் விண்ணப்பமே ஏற்கப்பட்டது.