ஆடவர் மறைக்கும் நோய்கள்

விழா மலரொன்றிற் கட்டுரை வரைவோர் பெரும்பாலும் இலக்கியத்தையோ, சமயத்தையோ, கல்லூரியின் பண்டைப் பெருமையையோ பொருளாகக் கொள்வர். நாமோ ஆடவர் தம்முள்ளும் வாய்விட்டுப் பேசாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. இம்மலரைப் படிப்போருட் பலர் ஐம்பது வயதைக் கடந்த பழைய மாணவர். சிலர் அண்மையிலே கல்லூரி வாயிலைக் கடந்த இளைஞர். முன்னிற்குஞ் சுரப்பியின் நோய்கள் முதல் வகுப்பினரை நாடி வருவன. விதைகளின் நோய்கள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பினரை நாடி வருவன. இரு சாராரும் ஒரே காரணத்தாற் காலந்தாழ்த்தி இடருறுகின்றனர். அக்காரணம் நாணம்.

நாம் வாழும் ஒலுவில், அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்திலே, நிந்தவூருக்கும் அட்டாளைச்சேனைக்கும் அணித்தாயுள்ள ஊர். கிழக்கே கடல்; மேற்கே வயல். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 ஆம் ஆண்டிலே தோன்றிய பின்னர் இவ்வூரின் பெயர் நாடெங்கும் பரவியதாயினும், கடற்றொழிலும் வேளாண்மையுமே இதன் பழைய சீவனோபாயம். ஊரார் பெரும்பாலும் முஸ்லிம் மக்கள். கரைவலை இழுத்தும் நெல்மூடை சுமந்தும் வாழும் ஆடவர், தம் உடலிற் குறையுண்டென ஒப்புக்கொள்வது எளிதன்று. காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குச் செல்வர்; சிறுநீர் தடைப்பட்டாலோ வீட்டிலே பொறுத்திருப்பர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், ஏன் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் நண்பர்களும் இவ்விடயத்தில் இவர்களினும் மேம்பட்டவர் எனல் இயலாது.

முன்னிற்குஞ் சுரப்பி எனத் தமிழிலும் புரஸ்டேட் என ஆங்கிலத்திலும் வழங்கும் உறுப்பு ஆண்களுக்கே உரியது. சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்து, மோதிரம் விரலைச் சுற்றியிருத்தல் போல அமைந்துள்ளது. வாலிபனொருவனிடத்து அதன் நிறை ஏறத்தாழ 20 கிராம். விந்தின் நீர்ப்பகுதியில் ஒரு பங்கினைச் சுரப்பது இதன் தொழில். ஆண்மைக்குரிய ஓமோன் விதைகளிலே தோன்றி இரத்தத்தின் வழியே இச்சுரப்பியை அடைந்து இதனை வளர்க்கின்றது. அகவை ஏற ஏற இது பருக்கின்றது. ஐம்பது வயதைக் கடந்தோரிற் பாதிப்பேரிடத்தும், எண்பதைக் கடந்தோரிற் பெரும்பாலாரிடத்தும் இப்பருமன் காணப்படும். இது முதுமையின் இயல்பு, புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமன்று. இவ்வொரு செய்தியை அறியாமையாலேயே பலர் அஞ்சி வைத்தியரை நாடாது விடுகின்றனர்.

மோதிரம் தடித்தால் விரல் நெரிபடுதல் போலச் சுரப்பி பருத்தால் குழாய் நெரிபடும். சிறுநீர் தொடங்கத் தாமதமாகும், தாரை மெலியும், இடையிலே நின்று நின்று வரும், கழித்த பின்னும் எஞ்சியிருப்பது போலத் தோன்றும், இரவிற் பன்முறை எழவேண்டிவரும், எழுந்து நடக்கையிற் சில துளிகள் ஆடையை நனைக்கும். நம் சித்த வைத்திய மரபினர் நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என மூவகையாகப் பிரித்துக் கூறினர். சதை வளர்ந்து வழியை அடைக்கும் என்பதை அம்மரபு உணர்ந்திருந்தது என்பதற்கு மூன்றாவது பெயரே சான்றாகும். மணற்பாங்கான இடங்களில் முளைக்கும் நெருஞ்சிலைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அஃது ஆறுதல் தரலாம். ஆயினும் முற்றாக அடைபட்ட வழியைக் கஷாயம் திறவாது.

ஆடை நனையும் துன்பம் இவ்வூரார்க்கு வேறொரு துன்பத்தையும் விளைவிக்கின்றது. தொழுகைக்கு உடற்சுத்தமும் உடைச்சுத்தமும் இன்றியமையாதன. வுழூச் செய்த பின்னர் ஒரு துளி கசிந்தாலும் அது முறிந்துவிடும். ஆதலின், வாழ்நாள் முழுவதும் பள்ளிவாசலில் முன்வரிசையில் நின்ற முதியவர், திடீரென வெள்ளிக்கிழமையிலும் வீட்டிலிருந்து விடுவார். பிள்ளைகள் அதனைச் சோர்வென்று கருதுவர். அவரோ காரணத்தைச் சொல்லார். கோயிலுக்குச் செல்லாது நின்றுவிடும் சைவ முதியவரின் நிலையும் இதுவே.

இதற்கு மருந்தும் உண்டு. மார்க்கத்திலே சலுகையும் உண்டு. சிறுநீர் கழித்த பின் சிறிது பொறுத்திருந்து எஞ்சியதை வெளியேற்றும் இஸ்திப்ரா என்னும் வழக்கம் முஸ்லிம் மக்களிடையே பழையது. விதைப்பைக்குப் பின்னுள்ள பகுதியை விரல்களால் மெல்ல அழுத்தி முன்னோக்கித் தடவுமாறு இக்கால வைத்தியர் கூறுவதும் அதனையொத்ததே. அதன் பின்னும் கசிவு நில்லாதவர், தொழுகை நேரம் வந்த பின் சுத்தஞ்செய்து, துணிகட்டி, அவ்வேளைக்கென வுழூச் செய்து தொழலாம் என்பது இந்நாட்டிற் பெருவழக்கான ஷாபி மத்ஹபின் கொள்கை. உரியவரிடம் கேட்டறிந்தால் மனச்சுமை பாதி குறையும்.

சிகிச்சையின் வரலாறும் அறியத்தக்கது. இந்திய மருத்துவ சேவையிலே பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய பீற்றர் பிரேயர் என்னும் ஐரிஷ் சத்திரவைத்தியர், 1900 ஆம் ஆண்டு டிசம்பரில், இலண்டனிலே வயிற்றின் வழியாகச் சென்று பருத்த சுரப்பியை அகற்றிப் புகழ்பெற்றார். இன்று பெரும்பாலார்க்கு வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை; சிறுநீர்க்குழாயின் வழியே கருவியைச் செலுத்தித் தடையைச் செதுக்கி எடுக்கின்றனர். அதற்கு முன்னரே மருந்துகள் உள. தம்சுலோசின் என்னும் மாத்திரை குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திச் சின்னாட்களிற் பயன் தரும். ஆயின் படுக்கையினின்று விரைந்தெழுந்தால் தலைசுற்றும். பினஸ்ரரைட் என்னும் மாத்திரை சுரப்பியையே சுருக்கும். பயன்காண ஆறு மாதமளவு செல்லும்.

இப்பின்னைய மருந்து தோன்றிய வரலாறு சுவையானது. டொமினிக்கன் குடியரசின் சிற்றூரொன்றிலே, ஆண் ஓமோனை வலிமைமிக்க மற்றொரு வடிவமாக மாற்றும் நொதியம் பிறவியிலேயே குன்றிய சிலர் இருந்தனர். அவர்களுக்கு வயது முதிர்ந்தும் இச்சுரப்பி சிறிதாகவே இருந்தது. 1974 இல் வெளியான அவ்வாராய்ச்சியைக் கண்ட மருந்தாளர், அந்நொதியத்தைத் தடுக்கும் பொருளைத் தேடினர். 1992 இல் அது மருந்தாக வந்தது.

திடீரெனச் சிறுநீர் முற்றாக நின்று, அடிவயிறு பருத்து, தாங்கொணா வலி தோன்றுமாயின் பொழுது விடியக் காத்திருத்தல் தகாது. அக்கரைப்பற்றோ கல்முனையோ, எவ்வைத்தியசாலை அண்மையிலுள்ளதோ அங்கே உடனே செல்க. மெல்லிய குழாயொன்றைச் செலுத்தியதும் சில நிமிடங்களில் ஆறுதல் கிட்டும். தடிமனுக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளே இவ்வடைப்பை வருவித்தலுண்டு. சுரப்பி பருத்தவர் வைத்தியரைக் கேளாது அவற்றை உண்ணலாகாது. இரவிற் பன்முறை எழுவோர் பகல் முழுவதும் நீரைக் குறைத்தல் தவறு. மாலைத் தேநீரையும் படுக்கைக்கு முன்னருந்தும் நீரையும் குறைத்தாற் போதும். அதிக தாகமும் அதிக சிறுநீரும் சலரோகத்தின் குறியாகவும் இருக்கலாமாதலின் இரத்தத்திற் சீனியையும் சோதித்தல் நன்று.

இனிப் புற்றுநோய். உலகில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சத்து 60 ஆயிரம் ஆடவரிடத்து முன்னிற்குஞ் சுரப்பியின் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இது பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறத்தே தோன்றுதலால், தொடக்கத்திற் சிறுநீரைத் தடுப்பதில்லை, குறியெதுவும் காட்டுவதுமில்லை. பரவிய பின்னர் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நோவாக வெளிப்படும். கழனியிற் குனிந்து வேலை செய்தவர் முதுகுநோவைத் தொழிலின் மேற் பழிபோட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பர். முதியவர்க்கு நாட்பட்டு நீங்காத, இரவிலும் உறங்கவிடாத முதுகுநோவு சோதிக்கப்படவேண்டியது.

சோதனைகள் இரண்டு. ஒன்று பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனை. மற்றொன்று வைத்தியர் கையுறை அணிந்து மலவாயில் வழியே விரலாற் சுரப்பியைத் தொட்டறிதல். பின்னையதற்கு ஒரு நிமிடமும் செல்லாது. நாம் அஞ்சுவது வலியையன்று, மானக்கேட்டை. அதனை நாள்தோறும் செய்யும் வைத்தியர்க்கோ அது நாடி பிடித்தலை ஒத்ததே. பி.எஸ்.ஏ. உயர்ந்தவரெல்லாம் புற்றுநோயாளரல்லர். சுரப்பி பருத்தாலும், கிருமித் தொற்று நேர்ந்தாலும், முன்னிரு நாட்களில் விந்து வெளியேறியிருந்தாலும் அது உயரும். ஐரோப்பாவிற் பெருந்தொகையினரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2009 இல் வெளியாயிற்று. இச்சோதனையால் இந்நோயின் மரணம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. ஆயினும், ஒருபோதும் தீங்கு செய்திராத சிறு புற்றுக்களும் பல கண்டறியப்பட்டன. ஆகவே ஐம்பது வயதினரும், தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்ததாயின் நாற்பத்தைந்து வயதினரும், இச்சோதனையின் நன்மை தீமைகளை வைத்தியரோடு கலந்து முடிவுசெய்தல் முறை. வளர்ச்சி மெதுவான புற்றினைச் சத்திரமின்றிக் கண்காணித்து வருதலும் உண்டு. பரவிய நோய்க்கும் வழியுண்டு. ஆண் ஓமோனைத் தடுத்தால் இப்புற்று ஒடுங்கும் என்பதை 1941 இல் சார்ள்ஸ் ஹகின்ஸ் காட்டினார். அதன்பொருட்டு 1966 இல் நோபெல் பரிசு பெற்றார்.

இளைஞர்க்குச் சொல்லவேண்டியது விதைகளைப் பற்றியது. பன்னிரண்டு முதற் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவனுக்கு ஒரு விதையிலே திடீரெனக் கடும் வலி தோன்றி, வாந்தியும் உண்டாயின், விதை தன் நாளத்தின் மேல் முறுகிக் கொண்டதெனக் கருதவேண்டும். இரத்தம் செல்லாமையால் ஆறு மணி நேரத்துக்குள் சத்திரஞ்செய்து திருப்பாவிடில் விதையைக் காப்பது அரிது. சிறுவன் நாணத்தால் வயிற்றுவலி என்றே கூறுவான். விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் இதனை எளிதில் உணர்வர். மேற்பார்வையாளரிடம் எதனைச் சொல்வோம், எதனைச் சொல்லோம் என்பது நமக்குத் தெரியும். ஆதலின் வலி வருமுன்னரே தந்தை மகனுக்கு இதனைச் சொல்லிவைத்தல் கடன்.

விதையிலே நோவில்லாத கட்டி வேறொரு குறி. விதையின் புற்றுநோய் அரிது. ஆயினும் பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையே பெரிதும் பற்றும். நோவில்லாமையால் அதனைப் பொருட்படுத்தாது விடுவர். 1974 இல் அமெரிக்க வைத்தியர் லோரன்ஸ் ஐன்ஹோன், பிளாற்றினம் கலந்த சிஸ்பிளாற்றின் என்னும் மருந்தைப் பிற மருந்துகளோடு கூட்டி வழங்கத் தொடங்கிய பின்னர், பரவிய நிலையிலும் இதனைக் குணமாக்க இயன்றது. காலத்தோடு வருவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் நலம் பெறுகின்றனர். நீராடும்போது தன் உடலின் இயல்பை அறிந்திருத்தல் போதும். ஒரு விதை சற்றே தாழ்ந்திருத்தலும், பின்புறத்தே மென்மையான நாடா போன்ற பகுதி தட்டுப்படுதலும் இயல்பே. பிறந்த குழந்தையின் விதை பைக்குள் இறங்காதிருந்தால், ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள் அதனைச் சத்திரத்தால் இறக்கிவைத்தல் வேண்டும்.

விதைப்பை வீங்கினால் ஓதம் என்றும் அண்டவாதம் என்றும் கூறுவர். நீர் கோத்தலாலும் குடல் இறங்குதலாலும் அது நேரும். மேல், தென் கரையோர மாவட்டங்களிலே யானைக்கால் நோய்க் கிருமி பலரை இவ்வாறு வருத்தியது. 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் மக்களுக்கு மருந்து வழங்கப்பட்டது. 2016 இல் அந்நோய் இலங்கையிலே பொதுச் சுகாதாரப் பிரச்சினையென்னும் நிலையினின்று நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கூகைக்கட்டினால் வரும் விதைவீக்கத்தைத் தடுக்கும் ஊசியும் 2011 முதல் இந்நாட்டுக் குழந்தைகளுக்கு இடப்படுகின்றது. பாரஞ் சுமப்போர்க்குத் தோன்றும் குடலிறக்கம் அழுந்தி, மீண்டும் உள்ளே செல்லாது வலித்தால் அதுவும் உயிர்க்கு ஏதமான அவசரமே.

இவற்றைச் சொல்லத் தமிழிற் சொல்லில்லை என்பார் கூற்றுப் பொருந்தாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, உடற்கூற்று நூலையும் சத்திர நூலையும் தமிழாக்குவித்தார். அன்று மாணாக்கர் கூசாது கற்ற உறுப்புக்களின் பெயரை இன்று நாம் வைத்தியர் முன்னும் சொல்லக் கூசுகின்றோம். பழைய மாணவர் ஒருவரையொருவர் காணுங்காற் சலரோகத்தையும் இரத்த அழுத்தத்தையும் தாராளமாக விசாரிக்கின்றனர். அவ்வரிசையிலே இதனையும் சேர்த்துக்கொள்வாராயின், கேட்பவருள் ஒருவராவது அடுத்த கிழமை வைத்தியசாலைக்குச் செல்வார்.