இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது?



சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். ஏற்காடு மலையில் உள்ள பல சில்லறைக் கடைகளுக்கு என் மண்டியிலிருந்துதான் அரிசி, பருப்பு, எண்ணெய் போகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சரக்கு அனுப்புகிறவனுக்கு மழையும் மண்சரிவும் பழக்கமானவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்தபோதுகூட ஒருவாறு சமாளித்தோம். பாதை அடைபட்டால் சரக்குதான் நிற்கும், ஆட்கள் இருப்பார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் நடப்பது வேறு. குடோன் நிறையச் சரக்கு இருக்கும். மூட்டை தூக்கவும் பில் போடவும் ஆள் இருக்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2021 மே 8, சனிக்கிழமை. மே 10 முதல் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்திருந்தது. அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை திறக்க அனுமதி. மலை வியாபாரிகள் காலையிலேயே வண்டியோடு வந்து நின்றார்கள். எனக்கு முந்தின இரவே உடம்பு வலி, லேசான சூடு. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். வியாபார ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டும் காரணமல்ல. கல்லாச் சாவி என்னிடம் இருந்தது. எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு எதுவரை கடன் கொடுக்கலாம் என்ற விவரத்தில் பாதி பேரேட்டில் இருந்தது, மீதி என் தலைக்குள் இருந்தது. நான் போகாவிட்டால் மண்டி திறக்காது.

மே 12-ஆம் தேதி நானும் கணக்குப்பிள்ளையும் படுத்துவிட்டோம். மூட்டை தூக்குகிறவர்களில் மூன்று பேருக்குக் காய்ச்சல். அரசு மளிகைக் கடைகளையும் மூடச் சொன்னது மே 24-ஆம் தேதிதான். என் மண்டி அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே மூடிவிட்டது. மலைக் கடைக்காரர்கள் போன் செய்து பார்த்து, ஓய்ந்து, வேறு இடம் தேடினார்கள். நட்டம் அதோடு நிற்கவில்லை. அந்த மூவரில் ஒருவர், இருபத்திரண்டு வருடம் எங்களிடம் வேலை பார்த்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை.

என்னிடமிருந்துதான் அவருக்குத் தொற்றியது என்று யாரும் சொல்லவில்லை. ஊரெங்கும் நோய் இருந்த நேரம், சொல்லவும் முடியாது. பிறகுதான் தெரிந்தது, அவரும் காய்ச்சலை மறைத்து இரண்டு நாள் வேலைக்கு வந்திருக்கிறார். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். முதலாளியே காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கும் கடையில் தொழிலாளி எப்படி லீவு கேட்பார்? எனக்குச் சாவியைப் பற்றிய பயம், அவருக்குக் கூலியைப் பற்றிய பயம். இந்த இரண்டுக்கும் முன்கூட்டியே வழி செய்யாதது என் தவறு.

மறுபடியும் வருமா?

கொரோனாதான் போய்விட்டதே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். இன்புளூயன்சா என்னும் விஷக்காய்ச்சலின் வரலாற்றைப் பார்த்தால் அப்படி அசந்திருக்க முடியாது. 1918 ஜூன் மாதம் பம்பாயில் லேசாகத் தொடங்கிய காய்ச்சல், செப்டம்பரில் கடுமையாகத் திரும்பி வந்து, இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் 20 முதல் 40 வயதுக்காரர்கள், அதாவது உழைக்கும் வயதினர், மிக அதிகம். 1957-இல் ஆசியக் காய்ச்சல் வந்தது. 2009 ஜூன் 11-ஆம் தேதி பன்றிக் காய்ச்சலை உலகக் கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அது முடிந்ததாகச் சொன்னது 2010 ஆகஸ்டில். அடுத்தது எப்போது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது.

விஷக்காய்ச்சல் தொற்றிய ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் ஆளைப் படுக்க வைக்கும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவும். புது வகைக் கிருமி என்றால் அதற்கான தடுப்பூசி தயாராகிக் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நமக்கு நாமேதான் காவல்.

இப்போது என் மண்டியில் செய்திருப்பவை

1. சாவி: இரண்டாவது சாவி என் மருமகளிடம். வங்கிக் கையெழுத்து, ஜிஎஸ்டி கடவுச்சொல், லாரி செட் போன் நம்பர்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். மாதத்தில் ஒரு நாள் நான் கடைக்குப் போவதில்லை. அன்று அவர்தான் நடத்துகிறார். முதல் மாதமே பேரேட்டில் ஏறாத மூன்று பாக்கிகளைக் கண்டுபிடித்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பணம் வந்து சேர்ந்தது.

2. கூலி: காய்ச்சல் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகும்வரை வரக் கூடாது. அந்த நாட்களுக்குப் பாதிக் கூலி உண்டு. மண்டியைப் பன்னிரண்டு நாள் பூட்டிய நட்டத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

3. சரக்கு: 2020-இல் கோடை விழாவை நம்பிச் சாக்லெட், பிஸ்கட், குளிர்பானம் என்று அடுக்கிய ஏற்காட்டுக் கடைகள் கையைச் சுட்டுக்கொண்டன. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் விழாவே நடக்கவில்லை. 2020 செப்டம்பரில் மாநிலத்துக்குள் இ-பாஸ் நீங்கிய பிறகும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்கு மட்டும் வெளியூர்க்காரர்களுக்கு இ-பாஸ் வேண்டியிருந்தது. காப்பித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, சோப்பு விற்ற சின்னக் கடைகள்தான் தாக்குப் பிடித்தன. சீசன் சரக்கை நம்புகிறவர்களும் தினசரிச் சரக்கைக் கைவிடக் கூடாது. அதற்காகப் பதுக்கவும் வேண்டாம். நெருக்கடியில் விலை ஏற்றியவரை ஊர் மறக்காது.

4. பாக்கி: நெருக்கடி வந்த பிறகு கடனைப் பற்றிப் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். ஒவ்வொரு மலைக் கடைக்கும் எதுவரை கடன், எத்தனை நாள் தவணை என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.

5. கடை: பனிக்காலத்தில் மலைக் கடைகளில் கதவைச் சாத்திக்கொண்டு நெருக்கி நிற்பது வழக்கம். நோய் பரவ அது தோதான இடம். கதவு, சன்னலைத் திறந்து வையுங்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, போனில் சீட்டு வாங்கி, சரக்கைக் கட்டிவைத்துக் கொடுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் சோப்பும் தண்ணீரும் இருக்கட்டும்.

6. தடுப்பூசி: சாதாரண விஷக்காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி இருக்கிறது. அறுபது தாண்டியவர்களும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. நான் போட்டுக்கொள்கிறேன்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மலையில் எந்தக் கிராமத்தில் எந்தக் கடை, அதற்குச் சரக்கு அனுப்புவது யார், அவர் படுத்தால் மாற்று யார் என்று ஒரு பட்டியல் இப்போதே தயாராகட்டும். நாளை வண்டி அனுமதி கேட்டு அதிகாரிகளிடம் போகும்போது, கையில் பட்டியல் இருந்தால் பேச்சு சுலபம்.

இன்று இரவு கடை அடைக்கும்போது உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக் காலை எனக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கடையை யார் திறப்பார்? பதில் வராவிட்டால், பூட்டுக்கடைக்குப் போய் இன்னொரு சாவி செய்யச் சொல்லுங்கள். அதை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.