இரண்டு தட்டு, ஒரு பாட்டு!

குட்டீஸ், ஆடி மாதம் பிறந்தால் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் என்ன விசேஷம்? அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா! பொழுது விடியும் முன்பே ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். மைக்செட் அண்ணன் ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போனாலும், பாட்டு பாட்டுக்கு ஓடும்.

உங்கள் தாத்தா சிறுவனாக இருந்தபோது அப்படி நகர முடியாது. ஒரு பாட்டு முடிந்ததும் இசைத்தட்டைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வேறு தட்டு போட வேண்டும். அதுவரை ஊரே 'கப்சிப்!' பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது? இந்தக் கேள்வியில் இருந்துதான் 'டி.ஜே.' கலை வளர்ந்தது.

சுழலும் கல்வெட்டு

உத்திரமேரூர் கோயில் சுவரில் குடவோலை முறை பற்றிய கல்வெட்டு இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உளியால் வெட்டிய எழுத்துகள். 1,100 ஆண்டுகள் கழித்தும் அதைப் படிக்க முடிகிறது.

இசைத்தட்டும் ஒரு கல்வெட்டு மாதிரிதான். பாட்டின் அதிர்வுகளைச் சுருள் சுருளாக, மெல்லிய பள்ளக் கோடாகப் பதித்திருப்பார்கள். தட்டு சுழலும்போது ஊசி அந்தக் கோட்டில் ஓடி அதிரும். அந்த அதிர்வே மறுபடி பாட்டாகக் கேட்கும்.

தட்டில் ஒலியைப் பதிக்கும் கிராமபோனுக்கு எமில் பெர்லினர் 1887-ல் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத் தட்டுகளில் முக்கியமாகச் சேர்த்த பொருள், நம் நாட்டில் நிறையக் கிடைக்கும் அரக்கு! 1908-ல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்துவிட்டது. அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம்தான் பாடும்.

தட்டை ஓட்டும் ஜாக்கி

வானொலி நிலையங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுழல்தட்டுகள். ஒன்று பாடும்போதே அடுத்ததைத் தயாராக வைத்துவிடலாம். குதிரை ஓட்டுபவர் ஜாக்கி. இசைத்தட்டை ஓட்டுபவர் 'டிஸ்க் ஜாக்கி'. 1930-களில் அமெரிக்காவில் வந்த இந்தப் பெயரின் சுருக்கமே டி.ஜே.!

பள்ளிக்கூட உடுப்புக்காக...

இப்போது நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக்குப் போவோமா? ஏழைகள் நிறைய வசித்த இடம். 1973 ஆகஸ்ட் 11. சிண்டி கேம்ப்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளி திறக்கும் முன் புது உடுப்பு வாங்கப் பணம் வேண்டும். என்ன செய்தாள் தெரியுமா? தன் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு நடன விருந்து வைத்து, நுழைவுக் கட்டணம் வசூலித்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட்!

பாட்டு போட்டது அவள் அண்ணன் கிளைவ். 18 வயது. 'டி.ஜே. கூல் ஹெர்க்' என்று பெயர் வைத்துக்கொண்டவர். அவர் பிறந்த ஜமைக்கா நாட்டிலும் நம்ம ஊர் மைக்செட் போலப் பெரிய பெரிய ஸ்பீக்கர் வைத்துத் தெருவில் பாட்டு போடுவார்கள்.

ஆடுபவர்களை ஹெர்க் கவனித்தார். பாடகர் நிறுத்தி, வெறும் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் எல்லோரும் குதித்து ஆடினார்கள். ஆனால் அது சில நொடிகளில் முடிந்துவிடும். அதனால் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றில் டிரம்ஸ் முடிந்ததும், மற்றதில் அதே டிரம்ஸ். பிறகு மறுபடி முதல் தட்டு. சில நொடித் தாளம் பல நிமிடம் நீண்டது!

குப்பையில் படித்த பாடம்

ஹெர்க் கண்ணால் பார்த்தே ஊசியை வைப்பார். அதனால் சில நேரம் தாளம் தப்பும். இதைச் சரிசெய்தவர் ஜோசப் சாட்லர், அதாவது 'கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்'. தூக்கிப் போட்ட மின்சாதனங்களைப் பொறுக்கி வந்து பிரித்துப் பார்க்கும் பையன் அவர். தட்டின் மேல் கிரேயானால் அடையாளம் போட்டார். அடுத்த தட்டைத் தான் மட்டும் ஹெட்போனில் முன்கூட்டியே கேட்க, தானே ஒரு ஸ்விட்ச் செய்து பொருத்தினார். தாளம் பிசகவில்லை!

1975 வாக்கில் தியடோர் என்ற 12 வயதுச் சிறுவன் வீட்டில் சத்தமாகப் பாட்டு போட்டான். "சத்தத்தைக் குறை!" என்று அம்மா அதட்டினார். அம்மா பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தான். 'ஸ்க்ரீச்... ஸ்க்ரீச்...' அட, இதுவும் நன்றாக இருக்கிறதே! 'ஸ்கிராட்சிங்' பிறந்த கதையை அவர் இப்படித்தான் சொல்கிறார்.

இந்த வித்தைகளுக்குக் கைகொடுத்தது, 1972-ல் ஜப்பானில் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்ற சுழல்தட்டு. அதுவரை பலவற்றில் தையல் மெஷின் போல பெல்ட்தான் தட்டைச் சுற்றும். கையால் பிடித்துவிட்டால் மறுபடி வேகம் பிடிக்கத் திணறும். இதில் மோட்டாரே தட்டை நேராகச் சுற்றியது. விட்டதும் சட்டென்று ஓடியது.

நீங்களும் டி.ஜே. ஆகலாம்!

ஒரு நண்பனை மெதுவாகக் கை தட்டச் சொல்லுங்கள், இன்னொருவனை வேகமாக. இருவரும் ஒரே தாளத்துக்கு வரும்வரை "கூட்டு, குறை" என்று சொல்லுங்கள். டி.ஜே. செய்வதும் இதைத்தான். இதற்குப் பணம் வேண்டாம். கூர்மையான காது போதும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டு இருக்கிறதா? தேய்த்துப் பார்த்துவிடாதீர்கள், கோடு கெட்டுவிடும்! தூசியை மெதுவாகத் துடைத்துப் பத்திரமாக வையுங்கள். அப்படியே ஊரில் மூத்த மைக்செட்காரர் யாராவது இருந்தால், "இடைவெளியில் என்ன செய்வீங்க தாத்தா?" என்று கேளுங்கள். அந்தக் கதை எந்தத் தட்டிலும் பதிவாகியிருக்காது!