டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு பௌதிகப் பட்டதாரி

"பையன் பி.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிறான்" என்று தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு தகப்பனார் சொன்னால், "அப்புறம் என்ன? பி.எட்.டா, பாங்குப் பரீட்சையா?" என்பதுதான் அடுத்த கேள்வி. டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காமல் இதில் சேர்ந்த பிள்ளை என்று தெரிந்துவிட்டால், கேட்பவரின் பார்வையில் அனுதாபமும் கலந்துகொள்ளும்.

ஆனால், பௌதிகம் படித்தவரின் கணக்குக்காக டாக்டரே காத்திருக்கும் இடம் ஒன்று ஆஸ்பத்திரியில் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் பகுதிதான் அது. எந்த இடத்தில் எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்று டாக்டர் தீர்மானிக்கிறார். அவ்வளவும் அந்த இடத்தில் பாயும்படியும், பக்கத்து உறுப்புகளுக்குக் கூடிய மட்டும் தீங்கு நேராதபடியும் அளந்து கணக்கிட்டுத் தருபவர் பௌதிக நிபுணர். அவருடைய படிப்புக்கு மருத்துவப் பௌதிகம் என்று பெயர். இக்காலப் பாடப் புத்தகங்கள் இதையே மருத்துவ இயற்பியல் என்கின்றன.

கணக்குத் தவறினால்?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். கதிர்வீச்சு விஷயத்தில் அளவு குறைந்தாலும் ஆபத்துதான். குறைந்தால் கட்டி அழியாது. கூடினால் நல்ல சதை வெந்து போகும்.

கோபால்ட் யந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் இருக்கும் கோபால்ட்-60 என்ற பொருள் நாளுக்கு நாள் வலுக் குறைந்து வருவது. சுமார் ஐந்தே கால் வருஷத்தில் அதன் சக்தி சரிபாதி ஆகிவிடும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைவதாகக் கணக்கு. இன்று 2 நிமிஷம் காட்டினால் போதும் என்றிருக்கும் சிகிச்சைக்கு, ஐந்தே கால் வருஷம் கழித்து 4 நிமிஷம் தேவைப்படும். இதைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால், நோயாளிக்குச் சிகிச்சை நடந்ததாகப் பெயர் இருக்கும்; பலன் இராது.

தூரமும் அப்படித்தான். விளக்கை நெருங்க நெருங்க வெளிச்சம் கூடுகிறதல்லவா? 80 சென்டிமீட்டர் தூரத்தில் படுக்க வைக்க வேண்டிய நோயாளியை 78 சென்டிமீட்டரில் படுக்க வைத்தால், கதிரின் அளவு 5 சதவீதம் கூடிவிடும். சிகிச்சையின் எல்லாக் கட்டங்களிலும் சேர்த்து நேரும் மொத்தப் பிழையே 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச நிபுணர்கள் வகுத்த வரம்பு. இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் அந்த வரம்பு முழுவதும் தீர்ந்து போகிறது!

யந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதால் வந்த வினைக்கும் உதாரணம் உண்டு. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற சிகிச்சை யந்திரத்தின் கம்ப்யூட்டர் நிரலில் இருந்த கோளாறினால் ஆறு நோயாளிகள் அளவு மீறிய கதிருக்கு ஆளானார்கள். சிலர் உயிரிழந்தார்கள். யந்திரம் காட்டும் எண்ணை வேறொரு கருவியால் சரிபார்க்கும் மனிதர் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ரயில் பாதையில் ஒரு சரித்திரம்

இந்தப் படிப்புக்கும் சென்னையின் தென்பகுதிக்கும் நெருங்கிய உறவு உண்டு. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிளம்பினால் அந்தச் சரித்திரத்தை வழியிலேயே பார்த்துக்கொண்டு போகலாம்.

தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. 1937-ல் நகரத்திலிருந்து இங்கே குடியேறிய கல்லூரி இது. இங்கே பௌதிகம் படித்த ராஜா ராமண்ணா பின்னாளில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டைரக்டரானார்.

அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அமைத்த காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர். நெஞ்சுக்குள் ஒளிந்திருக்கும் நோயை எக்ஸ்ரே காட்டிக் கொடுக்கத் தொடங்கியபோதே, பௌதிகம் வைத்தியத்தின் வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிட்டது.

கிண்டியில் இறங்குவோம். 1952-ல், முப்பது வயது நிரம்பும் முன்பே, சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகப் பேராசிரியராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொல்லாஜன் என்ற புரதம், முப்புரியாக முறுக்கிய கயிறு போன்ற அமைப்புடையது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் வெளியிட்டார். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வகுத்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகெங்கும் புரதங்களின் அமைப்பைச் சரிபார்க்க உதவுகிறது. பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளுறுப்பின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை விரைவாகக் கணக்கிடும் வழியை, லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971-ல் வெளியிட்டார். லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கான் எடுத்ததும் அதே ஆண்டில்தான்.

கிண்டிக்கு அடுத்தது அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலாகக் கோபால்ட் யந்திரத்தை நிறுவிய பெருமை அதற்கு உண்டு. சற்றுத் தள்ளித் தரமணியில், 2019-ல் புரோட்டான் கதிரால் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தெற்காசியாவில் அத்தகையது அதுவே முதல்.

இரண்டு பாதைகள்

இத்துறையில் சேர விரும்பும் மாணவர் முன்னால் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்கக் கூடாது.

உயிர்ப் பௌதிகம் ஆராய்ச்சிப் பாதை. ராமச்சந்திரன் நடந்த வழி அதுதான். எம்.எஸ்ஸி.க்குப் பின் டாக்டர் பட்டம், அதற்கும் பின் பல ஆண்டு ஆராய்ச்சி என்று அது நீண்டுகொண்டு போகும். பொறுமையும், வீட்டாரின் ஆதரவும் வேண்டும்.

மருத்துவப் பௌதிகம் ஆஸ்பத்திரிப் பாதை. இதில் சேர 'நீட்' தேர்வு வேண்டாம். பௌதிகத்தை முக்கியப் பாடமாகக் கொண்ட பட்டம் முதற்படி. பிறகு மருத்துவப் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கலாம், அல்லது பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, அதன் மேல் கதிரியக்கப் பௌதிக டிப்ளமோ பெறலாம். இந்த டிப்ளமோவை உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு 1962-ல் டிராம்பேயில் தொடங்கினார்கள். இங்கே கிண்டியில், அண்ணா பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பௌதிகத்துக்குத் தனித் துறையே இருக்கிறது.

பணம் கட்டும் முன்

படிப்பு முடிந்ததும் வேலையில் அமர்ந்துவிட முடியாது. அங்கீகாரம் பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 12 மாதம் பயிற்சி பெற வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. தகுதி பெற்ற பௌதிக நிபுணர் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் இச்சிகிச்சையை நடத்தக் கூடாது என்பதும் அவ்வாரியத்தின் விதியே. முதல் விதி மாணவருக்குச் சுமை. இரண்டாவது விதிதான் அவருக்கு வேலை.

ஆகவே, கல்லூரியில் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இந்தப் படிப்பை வாரியம் ஏற்கிறதா? பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு இருக்கிறது? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் கட்டடமும் விளம்பரமும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மயங்க வேண்டாம். பட்டம் கையில் இருந்தும் ஆஸ்பத்திரிக் கதவு திறக்காத நிலைமை பிள்ளைக்கு வரக் கூடாது.

வேலை சுலபமானதல்ல. முதல் நோயாளி வரும் முன்பே யந்திரத்தை அளந்து பார்த்தாக வேண்டும். கடைசி நோயாளி போன பின்னும் மறுநாள் கணக்கு காத்திருக்கும். கைராசி என்ற புகழெல்லாம் டாக்டருக்குத்தான். சிகிச்சை மேஜையில் படுத்திருப்பவருக்கு இந்த நிபுணரின் பெயர்கூடத் தெரியாது. ஆயினும் தசம ஸ்தானம் ஒன்று பிசகாமல் அவர் போட்ட கணக்கை நம்பித்தான் அந்த உயிர் அங்கே படுத்திருக்கிறது. கணக்கில் கவனமும் மனத்தில் இரக்கமும் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது.